அடையாறு வெள்ளத்துக்கு ஏரியில் ஒரு அடி இடம் போதுமா?

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் தொலைக்காட்சியில் ஒரே காட்சிதான். தி.நகரில் முழங்கால் அளவுத் தண்ணீர், மயிலாப்பூர் தெருக்களில் மோட்டார் வைத்து இறைப்பு, கோட்டூர்புரத்தில் ஆற்றோர மக்களுக்கு எச்சரிக்கை. இதைப் பார்க்கும் விவசாயிக்கு, 'ஏரி நிரம்பினால் நமக்கு மகிழ்ச்சி, பட்டணத்துக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு?' என்று தோன்றுவது இயல்பு.

ஆனால், தென்சென்னையை மிரட்டும் அடையாறு சென்னையில் பிறக்கும் ஆறு அல்ல. மணிமங்கலம் அருகே உள்ள மலைப்பட்டு ஏரிப் பகுதியில் தொடங்கி, ஆதனூர், மண்ணிவாக்கம், முடிச்சூர் வழியாக வருகிறது. திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீர் வந்து சேர்கிறது. பிறகு சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், அடையாறு வழியாகப் பட்டினப்பாக்கம் அருகே கடலில் கலக்கிறது. மொத்த நீளம் 42 கிலோமீட்டர்தான். இந்தக் குட்டி ஆற்றில் ஏறத்தாழ 200 ஏரிகளின் உபரி நீர் விழுகிறது. அவற்றில் பெரும்பாலானவை நெல்லுக்காக நம் முன்னோர் வெட்டியவை. ஆகவே, சென்னையின் வெள்ளத் திட்டம் மாநகராட்சிப் பொறியாளருக்கு மட்டும் உரிய விஷயம் அல்ல. காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்ட ஆயக்கட்டு விவசாயிக்கும் அதில் சொல்ல வேண்டியது உண்டு. கேட்டுப் பெற வேண்டியதும் உண்டு.

ஏரியாக இருந்த தி.நகர்

இன்று துணிக்கடைகளும் நகைக்கடைகளும் நிறைந்திருக்கும் தி.நகர், நூறு ஆண்டுகளுக்கு முன் நீர் நின்ற இடம். நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் வழியாகச் சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த நீர்ப்பரப்பை ஆங்கிலேயர் 'நீண்ட ஏரி' என்றே அழைத்தனர். 1920-களில் மாம்பலத்தில் அந்த ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்ற பெயர் மட்டும் இன்னும் மிச்சம். வள்ளுவர் கோட்டம் நிற்பதும் பழைய நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில்தான்.

ஏரி போனாலும் தண்ணீர் தன் பள்ளத்தை மறப்பதில்லை. இப்பகுதி மழைநீரை மாம்பலம் கால்வாய் நந்தனம் அருகே அடையாற்றில் கொண்டு சேர்க்கிறது. இங்கேதான் சிக்கல். வயலில் வடிகால் வெட்டிய எவருக்கும் இது தெரியும்: பெரிய வாய்க்கால் நிறைந்து ஓடும்போது, வயல் வடிகால் எவ்வளவு அகலமாக இருந்தாலும் தண்ணீர் இறங்காது; சில நேரம் எதிர்த்தும் வரும். அடையாறு நிறைந்திருக்கும்போது மாம்பலம் கால்வாயின் நிலை அதுதான். முகத்துவாரத்தில் மணல் மேடு இருந்து, கடலில் ஓதமும் ஏறி நின்றால் நிலைமை இன்னும் மோசம். மயிலாப்பூரை ஒட்டி ஓடும் பக்கிங்ஹாம் கால்வாயும் அடையாற்றோடு இணைந்ததுதான். அதன் நடுவில் பறக்கும் ரயில் பாதையின் தூண்கள் வேறு நிற்கின்றன.

2021 நவம்பர் மழையில் தி.நகர் மூழ்கிய பிறகு, ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. குழுவின் இறுதி அறிக்கை 2023 மார்ச்சில் அளிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் நகருக்குள் மழைநீர் வடிகால் பணிகள் வேகம் பெற்றன. தேவையான பணிகள்தான். ஆனால் வடிகால் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆற்றில் இடம் இருக்க வேண்டும். அந்த இடத்தை முடிவு செய்வது மேலே உள்ள ஏரிகள்.

2015 டிசம்பர் சொல்லும் கணக்கு

2015 நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் 1,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. ஏரிகள் எல்லாம் நிரம்பி நின்றன. அந்த நிலையில் டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ., மீனம்பாக்கத்தில் 35 செ.மீ., நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. மழை பதிவானது. நகரத்தைவிட ஆற்றின் மேல்பகுதியில் மழை அதிகம் என்பதைக் கவனியுங்கள்.

செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அங்கிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. இந்த அளவில் ஒரு நாள் முழுவதும் திறந்தால் 2,500 மில்லியன் கன அடி. அதாவது, ஏரியின் முழுக் கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல். இதனுடன் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமிருந்து வந்த மற்ற ஏரிகளின் உபரியும் சேர்ந்தது. 100 சதுர கிலோமீட்டர் பரப்பில் 10 செ.மீ. மழை பெய்தால் அது 353 மில்லியன் கன அடித் தண்ணீர். அன்று பெய்தது அதைப்போல நான்கைந்து மடங்கு. நிலம் முன்பே நனைந்து ஊறியிருந்ததால் பெரும்பகுதி அப்படியே வழிந்து ஓடியது.

2018 ஜூலையில் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட மத்திய கணக்குத் தணிக்கைத் துறையின் அறிக்கை, இதை மனிதரால் விளைந்த பேரிடர் என்றே குறிப்பிட்டது. ஏரியின் உள்வாயில் உள்ள பட்டா நிலங்கள் பற்றிய கேள்வியையும் அது எழுப்பியது.

எவ்வளவு திறந்தார்கள், எப்போது திறந்தார்கள் என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. வேளாண்மைக் கண்ணோட்டத்தில் எனக்கு முக்கியமாகப் படும் கேள்வி வேறு: அந்தப் பெருமழை தொடங்கிய நேரத்தில் 200 ஏரிகளிலும் சேர்த்து எவ்வளவு காலியிடம் இருந்தது?

தூர்வாரினால் மட்டும் போதாது

வெள்ளத் தடுப்பு என்றாலே 'ஏரியைத் தூர்வாருங்கள்' என்கிறோம். சரியான கோரிக்கைதான். 2017 மார்ச்சில் குடிமராமத்துத் திட்டம் மீண்டும் தொடங்கப்பட்டது இதே அடையாற்றின் தலைப்பகுதியில் உள்ள மணிமங்கலத்தில்தான். வண்டல் எடுத்தால் கொள்ளளவு கூடும். அந்த வண்டல் நம் வயலுக்கு உரமாகும்.

ஆனால், ஒன்றை மறந்துவிடக் கூடாது. தூர்வாரிய ஏரியும் ஐப்பசி மழையிலேயே நிரம்பிவிட்டால், கார்த்திகையில் வரும் பெருமழைக்கு அதில் இடம் கிடையாது. நிரம்பிய ஏரிக்கு 10 அடி ஆழமும் ஒன்றுதான், 15 அடி ஆழமும் ஒன்றுதான்; வந்த நீர் அப்படியே கலங்கல் வழியாக வெளியேறும். வெள்ளத்தைத் தாங்குவது ஏரியின் மொத்தக் கொள்ளளவு அல்ல. மழை வரும் அன்று மீதமிருக்கும் காலியிடம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 ஏக்கர் நீர்ப்பரப்புள்ள ஏரியில் ஒரு அடி தண்ணீர் என்பது 43.56 லட்சம் கன அடி. ஏரிகள் சிறிதும் பெரிதுமாக இருக்கும் என்றாலும், புரிவதற்காக 200 ஏரியும் இதே அளவு என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றிலும் ஒரு அடி காலியாக இருந்தால் 871 மில்லியன் கன அடிக்கு இடம் கிடைக்கும். ஒரு நாள் முழுவதும் விநாடிக்கு 10,000 கன அடி வீதம் ஆற்றில் ஓடும் தண்ணீருக்கு இது சமம். 2015-ல் செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்த உச்ச அளவில் மூன்றில் ஒரு பங்கு.

தலைப்பில் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்: அதுபோன்ற மழைக்கு ஒரு அடி மட்டும் போதாது. ஆனால், வெள்ளத்தின் உச்சத்தைத் தணிக்கும். சில மணி நேரம் தள்ளிப்போடும். கோட்டூர்புரத்தில் தரைத்தளத்தில் குடியிருப்பவருக்கு அந்தச் சில மணி நேரம் உயிர் காக்கும் நேரம்.

இந்த ஒரு அடியை மழை நாளில் இறக்க முடியாது. பெரும்பாலான சிற்றேரிகளின் கலங்கலில் திறந்து மூடும் வசதி கிடையாது. மதகு வழியாகத்தான் இறக்க வேண்டும். அது மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் நான்கு நாள் அவகாசம் இருந்தால் 100 ஏக்கர் ஏரியில் ஒரு அடியை இறக்க, விநாடிக்கு 13 கன அடி வீதம் திறந்தால் போதும். கீழ் ஏரியில் தொடங்கி மேல் ஏரிக்குப் போக வேண்டும். மேல் ஏரியை முதலில் திறந்தால் கீழ் ஏரி நிரம்பி, செய்த வேலை வீணாகும்.

விவசாயியின் நியாயமான பயம்

'கையில் இருக்கும் தண்ணீரைத் திறந்துவிடச் சொல்கிறீர்கள். மழை ஏமாற்றினால் என் நவரைக்கு யார் பொறுப்பு?' ஆயக்கட்டு விவசாயி கேட்கும் முதல் கேள்வி இதுதான். இந்தப் பயத்துக்கு மதிப்புக் கொடுக்காத எந்தத் திட்டமும் மதகடியிலேயே நின்றுவிடும்.

இதையும் கணக்காகவே பார்ப்போம். நெல்லுக்கு ஒரு போகத்துக்குச் சுமார் 1,200 மி.மீ., அதாவது நான்கு அடி தண்ணீர் தேவை. 100 ஏக்கர் ஏரியில் ஒரு அடி என்பது 25 ஏக்கர் நவரை நெல்லுக்கான தண்ணீர். வாய்க்கால் கசிவு போக உண்மையில் இன்னும் குறைவாகவே பாயும். முன்னறிவிப்பு பொய்த்தால் ஒரு ஏரிக்கு நேரும் அதிகபட்ச இழப்பு இவ்வளவே. மழை சொன்னபடி பெய்துவிட்டால் இழப்பே இல்லை. ஏரி மறுபடி நிரம்பிவிடும்.

ஆக, இழப்பு அளவிடக் கூடியது. ஆகவே ஈடு செய்யவும் கூடியது. நகரின் ஒரு தெருவில் வெள்ளம் புகுந்தால் ஆகும் செலவோடு 25 ஏக்கர் நவரையின் வருமானத்தை ஒப்பிட்டால், எது மலிவு என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மிச்சத் தண்ணீரில் உளுந்து போடலாம். அதற்கு ஏறத்தாழ ஒரு அடி தண்ணீர் போதும். ஆனால் உளுந்து போடுவதா, நெல் போடுவதா என்பதை விவசாயி தீர்மானிக்க வேண்டும். விதையும் ஈட்டுத்தொகையும் கைக்கு வரும் என்ற எழுத்துப்பூர்வமான உறுதி முன்கூட்டியே வேண்டும். வெள்ளம் வடிந்த பிறகு மனு எழுதிக்கொண்டு அலையும் நிவாரணம் இதற்குச் சரிப்படாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2015-ல் மூழ்கிய அதே சென்னை, 2019 கோடையில் குடிநீருக்குத் தவித்தது. செம்பரம்பாக்கமும் வறண்டு கிடந்தது. எனவே ஏரியைக் காலியாகவே வைத்திருங்கள் என்று சொல்ல முடியாது. நிரப்பியே வைத்திருங்கள் என்றும் சொல்ல முடியாது. பருவத்தின் எந்த வாரத்தில் எத்தனை அடி என்ற அட்டவணை வேண்டும். 2020 நவம்பர் 25-ல் நிவர் புயலின்போது 24 அடி ஆழமுள்ள செம்பரம்பாக்கத்தில் நீர்மட்டம் 22 அடியை எட்டியதும், முதலில் விநாடிக்கு 1,000 கன அடி திறந்து, பிறகு படிப்படியாகக் கூட்டினார்கள். பெரிய ஏரியில் கையாண்ட அந்த முறை சிற்றேரிகளுக்கும் வர வேண்டும்.

திட்டத்தில் என்ன இருக்க வேண்டும்?

முதலாவது, திட்டத்தின் எல்லை. மாநகராட்சி எல்லையிலோ மாவட்ட எல்லையிலோ அது நிற்கக் கூடாது. மலைப்பட்டிலிருந்து பட்டினப்பாக்கம் வரை ஒரே திட்டம், ஒரே நீர்க்கணக்கு வேண்டும்.

இரண்டாவது, ஏரிகளின் வரிசைப் பட்டியல். எந்த ஏரியின் உபரி எந்த ஏரிக்குப் போகிறது, வரத்துக் கால்வாய் எங்கே அடைபட்டிருக்கிறது, கலங்கல் உயரம் எவ்வளவு, எந்த மதகு வேலை செய்யவில்லை என்பவை ஊர்வாரியாக எழுதப்பட வேண்டும். ஏரி எல்லையை அளந்து ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வரத்துக் கால்வாயை மறித்து மனைப்பிரிவு போட்டால், தண்ணீர் ஏரிக்குப் போகாமல் நேரே ஆற்றுக்கும் தெருவுக்கும்தான் போகும்.

மூன்றாவது, விவசாயிகளின் இடம். 2000-ஆம் ஆண்டின் பாசன அமைப்புகள் மேலாண்மைச் சட்டம், நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்கு வழி செய்திருக்கிறது. சங்கத்தின் ஒப்புதலுடன் நீர்மட்ட அட்டவணை போடப்பட வேண்டும். இது நமக்குப் புதிதல்ல. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் இருக்கிறது. மடை திறக்கும் நீர்க்கட்டியை நம் ஊர்கள் நெல் கொடுத்துப் பராமரித்தன. இன்று பல ஊர்களில் நீர்க்கட்டியே இல்லை. நள்ளிரவில் மதகைத் திறக்க ஆளில்லாத ஏரிக்கு எந்த முன்னறிவிப்பும் உதவாது. அந்த வேலைக்கு மாதச் சம்பளம் கொடுத்தாலே பாதித் திட்டம் நிறைவேறிவிடும்.

நான்காவது, நேரடித் தகவல். நுங்கம்பாக்கம் வானிலை மையத்தின் ஐந்து நாள் முன்னறிவிப்பு, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தோடு நிற்காமல் ஒவ்வொரு சங்கத் தலைவரின் கைப்பேசிக்கும் 'உங்கள் ஏரியில் இத்தனை அடி இறக்குங்கள்' என்ற வடிவில் போக வேண்டும்.

நெதர்லாந்தில் 'ஆற்றுக்கு இடம்' என்ற திட்டம் நடந்தபோது, ஓவர்டீப் என்ற பகுதியின் பால்பண்ணை விவசாயிகள் தாங்களே ஒரு யோசனை சொன்னார்கள். கரையைத் தாழ்த்தி வெள்ளத்தைத் தங்கள் நிலத்தில் விடுவது, வீடும் தொழுவமும் மேடுகளில் அரசு செலவில் கட்டித் தருவது. 2015-ல் அந்தப் பணி முடிந்தது. விவசாயியிடம் திட்டம் திணிக்கப்படவில்லை என்பதால்தான் அது நடந்தது.

வயலும் ஒரு சிற்றேரிதான்

ஜப்பானின் நீகாடா மாநிலத்தில் 2002 முதல் 'நெல்வயல் அணை' என்ற முறை வழக்கத்தில் உள்ளது. வயலின் வடிமடையில் சிறு துளையுள்ள பலகையைச் செருகி, மழைநீர் மெதுவாக வடியும்படி செய்கிறார்கள். நம் சம்பா வயலிலும் இது முடியும். ஒரு ஏக்கரில் கூடுதலாக 10 செ.மீ. தண்ணீர் நின்றால் 4 லட்சம் லிட்டர். 1,000 ஏக்கர் ஆயக்கட்டில் 40 கோடி லிட்டர். நாம் மேலே பார்த்த ஏரிகள் மூன்றில் ஒரு அடி இறக்கியதற்கும் கூடுதல்.

சில எச்சரிக்கைகள்: வரப்பு 25 முதல் 30 செ.மீ. உயரமும் உறுதியும் உள்ளதாக இருக்க வேண்டும். தூர் கட்டும் பருவத்தில் ஓரிரு நாள் நீர் நிற்பது பயிருக்குப் பெரிய கெடுதி அல்ல. இலை நுனி மூழ்கக் கூடாது. நாற்றங்காலிலும், பூக்கும் பருவத்திலும், அறுவடைக்கு நெருங்கிய வயலிலும் இதைச் செய்யக் கூடாது. தாழ்வான வயல்களுக்கு சி.ஆர். 1009 சப் 1, ஸ்வர்ணா சப் 1 போன்ற ரகங்கள் ஏற்றவை. ஒடிசாவின் நாட்டு ரகம் ஒன்றிலிருந்து பெற்ற மரபணுவால், சுமார் இரண்டு வாரம் மூழ்கினாலும் இவை மீண்டு வரும்.

நீர் வடிந்த பின் பயிர் வெளுத்திருந்தால், ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு ஆகியவற்றைக் கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இட வேண்டும்.

பருவமழைக்கு முன் செய்ய வேண்டியவை

ஆடி, ஆவணியில்: வட்டாட்சியர் அனுமதியுடன் ஏரி வண்டலை வயலுக்கு எடுக்கலாம். கரையை ஒட்டித் தோண்டாமல், உள்வாயில் சீராக எடுக்க வேண்டும்.

புரட்டாசியில்: சங்க உறுப்பினர்களும் விரிவாக்க அலுவலரும் சேர்ந்து ஏரியைச் சுற்றி நடந்து, மதகு, கலங்கல், கரைப் பள்ளம், எலி வளை, வரத்துக் கால்வாய் ஆகியவற்றைப் பார்த்து எழுத வேண்டும். கலங்கலில் மணல் மூட்டை அடுக்கி உயரம் கூட்டும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். ஒரு ஏரி உடைந்தால் கீழே உள்ள ஏரிகளும் வரிசையாக உடையும்.

அக்டோபர் 2 கிராமசபையில்: அந்தக் குறிப்பைத் தீர்மானமாக வைத்து, நீர்வளத் துறைக்கும் ஆட்சியருக்கும் அனுப்ப வேண்டும். அத்துடன், முன்னெச்சரிக்கையாக நீர் இறக்கச் சொன்னால் நவரை இழப்புக்கு ஈடு வேண்டும் என்ற கோரிக்கையையும் சேர்க்க வேண்டும்.

ஐப்பசி முதல் மார்கழி வரை: தினமும் காலையில் ஏரி நீர்மட்டத்தைக் குறித்து, சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் பகிரலாம். அளவுகோல் இல்லாத ஏரியில் மதகுச் சுவரில் அடிக்கணக்குப் பெயின்ட்டால் எழுதினாலே போதும். 200 ஏரிகளின் இந்த எளிய குறிப்பு ஒன்றாகச் சேர்ந்தால், அடையாற்றின் காலியிடம் எவ்வளவு என்பது அன்றன்றைக்குத் தெரிந்துவிடும். வெள்ளத் திட்டம் போடுவோருக்கு இன்று அவசியம் வேண்டிய எண் அதுதான். அதை அளந்து கொடுக்கக் கூடியவர் ஏரிக்கரையில் இருக்கும் விவசாயிதான்.